ரிக்குக்காரர் வீட்டுக் கேமரா

தண்ணீரே இல்லாத இடங்களில் அத்தனை ஆழத்துக்குத் துளை போட்ட மனிதர் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் எங்கள் ரிக்குக்காரரைத் தவிர வேறு யாரும் கிடையாது. சவால் விட்டே சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடநாடு முழுக்கத் திரிந்தவர். போன இடமெல்லாம் புழுதிதான் பறக்கும். "இன்னுங் கொஞ்சம் எறங்குனாப் போதுமுங்க" என்பார். எப்படியோ சொந்தமாக ஒரு வீடும் கட்டினார். எண்பதுகளின் கடைசியில் உள்ளூர்ப் பள்ளி வாத்தியாரான நான் அதன் மாடியில் குடியிருந்தேன்.

அந்த வருஷம் அவர் மனைவி படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, உள்ளறைக் கட்டிலை விட்டு அசையவே கூடாது என்றார் டாக்டர். வாசலில் நின்று தெருவோடு பேசியே பொழுதைக் கழித்தவருக்கு அது ஜெயில்தான். மாரியம்மன் ஊர்வலம் வாசலுக்கு வரும்போது பார்க்க முடியாதே என்று அழுதேவிட்டார்.

ரிக்குக்காரர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம், திருடனைக் காட்டிக் கொடுக்கும் கேமரா ஒன்றை வாங்கி கேட்டில் மாட்டினார். ஒயரை மண்ணில் புதைத்து, வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து உள்ளறை டிவியில் சேர்த்தார். வாசல் டிவியில் தெரிந்தது! அன்றோடு தெருவே மாறிப்போனது. பால்காரர் தலை சீவிக்கொண்டு வந்தார். கீரைக்காரம்மா, "அக்கா, இன்னிக்கு முருங்கைங்க" என்று கேமராவுக்கு நேராகக் கட்டைத் தூக்கிக் காட்டினார். அதற்குக் காது கிடையாது என்று அவருக்கு யார் சொல்வது?

ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது படம் கெட்டது. முதலில் கோடு, அப்புறம் புள்ளி, அப்புறம் இருட்டு. தானாக வரும், மறுபடி போகும். ரிக்குக்காரர் டிவியின் தலையில் தட்டினார். கேமராவைத் துடைத்தார். வோல்டேஜ் குறைகிறதென்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போனார். கடைசியில் ரேடியோ கடைக்காரர் வந்தார். கேமராவைக் கழற்றி, சின்ன ஒயரில் டிவியோடு சேர்த்துப் பார்த்தார். படம் பளிச்சென்று வந்தது.

"ரெண்டும் நல்லாருக்குதுங்க. பொதச்ச ஒயர்லதான் கோளாறு. எங்க பொதச்சீங்க?"

ரிக்குக்காரர் தாடையைச் சொறிந்தார். "அங்கத்தான் எங்கியோ!"

ஆழமாகப் புதைத்தவர் இடத்தை மறந்துவிட்டார். புது ஒயர் வேண்டுமென்றால் சேலத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஊர்வலத்துக்குள் வந்து சேராது.

மறுநாள் காலையில் நான் மாடியிலிருந்து இறங்கினால், மனிதர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறார். போர் போட நீரோட்டம் பார்க்கிற அதே முறை. கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்குமாம்.

"ஏனுங்க, அது தண்ணிக்குத்தானே?" என்றேன்.

"பூமிக்குள்ள ஓடறது எதா இருந்தாலுந் தேங்காய்க்கு ஒண்ணுதானுங்க சார்!"

தேங்காய் எழுந்த இடமெல்லாம் தோண்டினார். செம்பருத்திச் செடி சாய்ந்தது. ஒரு பழைய செருப்பு கிடைத்தது. ஒயர் மட்டும் கிடைக்கவில்லை.

அப்போது உள்ளறை ஜன்னல் வழியாக அக்காவின் குரல் வந்தது. "ஏனுங்க! பாத்திரங் கழுவித் தண்ணி ஊத்தற சத்தங் கேட்டாப் படம் போயிருது. நேத்துப் புடிச்சுச் சொல்லோணும்னு இருக்கறேன், நீங்க எங்க காது குடுக்கறீங்க?"

நாள் முழுக்க அந்த டிவியையே பார்த்துக் கிடந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ரிக்குக்காரர் தேங்காயோடு பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தேங்காய் விறைப்பாக எழுந்தது. அங்கே தோண்டியதும் ஒயர் அகப்பட்டது. நீளம் போதாமல் அவர் ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்த இடம் கழுவின தண்ணீரில் ஊறிக் கிடந்தது.

"பாத்தீங்களா சார், தேங்காய் பொய் சொல்லாது!" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

ரேடியோ கடைக்காரர் ஒட்டைப் பிரித்துப் புதிதாகப் போட்டு, நனையாதபடி சுவரில் ஏற்றிக் கட்டினார். மறுநாள் மாலை, படம் ஆடினால் ஓடிவந்து சொல்லும்படி என்னை அக்காவின் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு, ரிக்குக்காரர் வாசலுக்குப் போனார். மேளச்சத்தம் நெருங்கியது. கறுப்பு வெள்ளையில் கூட்டம் தெரிந்தது, விளக்கு தெரிந்தது. அம்மன் சப்பரம் எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து டிவி முழுக்க ரிக்குக்காரரின் தலை. கேமராவுக்கு முன்னால் வந்து நின்று, "தெரியுதா? தெரியுதா?" என்று வாயசைக்கிறார். அவர் தலைக்குப் பின்னால் அம்மன் மொத்தமாக மறைந்துபோனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இருங்கக்கா, நான் போய் அவரத் தள்ளி நிக்கச் சொல்றேன்" என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாந் தம்பி, நிக்கட்டும். வருசம் பூரா லாரியோட போயிர்ற மனுசன். அவரு நம்மூட்டு வாசல்ல நிக்கறத நான் எப்பப் பாத்திருக்கறேன்?"

சப்பரம் கிளம்பும்வரை அந்தத் தலை நகரவில்லை. அக்கா கும்பிட்ட கையை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் உட்கார்ந்து ரிக்குக்காரரையே பார்த்தேன்.