நாற்காலி கொடுத்த மனிதர்

"ஹரிதாஸாம்." மருதமுத்து பேப்பரை மடித்து மேசையில் அடித்தார். "ரெண்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற ஹரிதாஸ், அந்தத் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராம். அவன் உட்கார்ந்திருக்கானே, அது யாரு கொடுத்த நாற்காலி?"

"நீங்க கொடுத்தது," என்றாள் மனைவி சுசீலா, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்தபடியே.

"மேடை?"

"நீங்க கட்டுனது."

"மேல சுத்துற ஃபேன்?"

"அதுவும் நீங்கதான். சத்தம் போடாதீங்க, நெஞ்சுல தையல் இருக்கு."

சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் மருதமுத்து. சாப்பாட்டுக் கடையில் எச்சில் மங்கு கழுவி, மீ கோரேங் நூடுல்ஸ் தள்ளுவண்டி போட்டு, சின்ன லாட்ஜ் நடத்தி, கடைசியில் புக்கிட் பெருவாங்கில் லிப்ட் வைத்த ஹோட்டல் கட்டினார். சம்பாதித்ததில் பாதியைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒரு மைக் மட்டும்தான். மைக் கிடைத்தால் மங்கு கழுவியதிலிருந்து ஆரம்பிப்பார். கதை லிப்ட் வரைக்கும் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு கோயில் விழாவில், கதை தள்ளுவண்டிக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இருந்தபோது மைக்கோடு சாய்ந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. கோலாலம்பூரில் ஆபரேஷன். "இனிமே மேடைப் பக்கமே போகக்கூடாது," என்றார் டாக்டர். இவர் டாக்டருக்கும் மங்கு கழுவிய கதையைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. ஒருவரும் விழாவுக்குக் கூப்பிடவில்லை. ஒருவரும் வந்து பார்க்கவும் இல்லை.

"ஒரு ஆரஞ்சுப் பழம், சுசீ. ஒரே ஒரு ஆரஞ்சுப் பழத்தோட எவனாவது வந்தானா? நன்றி கெட்ட ஜனங்க."

"நிம்மதியா இருங்களேன். நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்." வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை மாலை கட்டி எடுத்துக்கொண்டு போவாள். தன் நெஞ்சுக்காகத்தான் வேண்டுகிறாள் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. "ஹோட்டல் பக்கம் போயிடாதீங்க. ஜாலான் பூரா காரு, ஒரே ஜாம்."

அவள் போனதும் அவருக்குப் பொறுக்கவில்லை. நன்கொடை கேட்பவர்கள் எல்லாம் முதலில் ஹோட்டலுக்குத்தான் வருவார்கள். அங்கே யாரோ தடுக்கிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு வாடகைக் காரைப் பிடித்தார்.

ஹோட்டல் கதவைத் திறந்ததும் எதிரே அவருடைய பழைய படம். கறுப்பு மீசை, நிறைய முடி. படத்தின் மேல் மல்லிகை மாலை. கீழே விளக்கு.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

கவுண்டரில் இருந்த தேவிஸ்ரீ வேலைக்குப் புதிது. "எங்க முதலாளி, அங்கிள். நல்ல மனுசன். தவறிட்டாரு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மாலை போட்டு விளக்கு ஏத்தியிருக்கு. அதைப் போயி யாராச்சும் கேப்பாங்களா?"

"நான்தாம்மா அந்த முதலாளி."

தேவிஸ்ரீ இரக்கத்தோடு பார்த்தாள். "போன வாரம் ஒருத்தர் வந்தாரு. தம்பின்னு சொன்னாரு. நீங்க ஒரு படி மேல போயிட்டீங்க."

அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தோட்டத்துக்கு நாலு மருதமுத்து இருப்பாங்க, அங்கிள். படத்துல பாருங்க, மீசை எப்படி இருக்குன்னு. பசிக்குதா? ஐயா நினைவா வெள்ளிக்கிழமை பொட்டலம் கொடுக்கிறோம். சைவம்தான்லா."

தன் நினைவாகத் தரப்பட்ட தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருதமுத்து நின்றார். அந்த நேரத்தில் தலைமையாசிரியர் காந்தன் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். ஹரிதாஸை மேடையில் உட்கார வைத்த அதே காந்தன்.

"காந்தன், இங்க வாங்க. இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, நான் யாருன்னு."

காந்தன் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கிண்ணம் உருண்டு மருதமுத்துவின் காலடியில் நின்றது. 'அமரர் மருதமுத்து நினைவுச் சுழற்கிண்ணம்' என்று எழுதியிருந்தது.

"ஐயா, நீங்களா?"

"நானேதான். ஹரிதாஸைக் கூப்பிடத் தெரிஞ்சுது, என்னை வந்து பார்க்கத் தெரியலையா?"

இப்போது காந்தனுக்கும் கோபம் வந்தது. "நல்லா இருக்கு ஐயா. மேடையில விழுந்தீங்க. நன்கொடை விஷயமா இங்க வந்தா, படத்துக்கு மாலை. காரியத்துக்குக்கூட எங்களைக் கூப்பிடலையேன்னு பள்ளிக்கூடமே வருத்தத்துல இருக்கு."

"சாகாதவனுக்கு எதுக்குய்யா காரியம்?"

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும். கல்வெட்டு அடிச்சு முடிச்சாச்சு. ஒரு நிமிசம் மௌன அஞ்சலியும் செஞ்சாச்சு."

"ஒரு நிமிசமா? அவ்வளவு கொடுத்தவனுக்கு ஒரே நிமிசமா?"

"அதுலதான் ஐயா பெற்றோர் எல்லாம் மனசு உருகிட்டாங்க. ஐயா பேரைச் சொல்லி ஒரு நிகழ்ச்சி இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சது இதுதான் முதல் தடவைன்னு." காந்தன் குரலைத் தணித்தார். "இந்த வருசம் மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துடாதீங்க. புள்ளைங்க பயந்துடும்."

மருதமுத்து பொட்டலத்தை வீசிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் படத்தடியில் போட்டார். ஏறினார். மாலையை எட்டிப் பிடித்தார். ஈரம்கூடக் காயாத மாலை.

"ஐயா, இறங்குங்க." அவர் தள்ளுவண்டி வைத்திருந்த நாளிலிருந்து கூடவே இருக்கும் பெரியநாயகி, மாப்புக் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அதைத் தொடாதீங்க."

"நீயாவது சொல்லு, பெரியநாயகி. நான் யாரு?"

"முதலாளிதான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இதைத் தொங்க விட்டிருக்க?"

"பின்ன? வெள்ளிக்கு வெள்ளி சுசீலாம்மா கையால போட்டுட்டுப் போற மாலை ஐயா அது. 'இது அங்க தொங்குற வரைக்கும்தான் பெரியநாயகி, யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டாங்க, அந்த மனுசன் உயிரோட இருப்பாரு'ன்னு சொல்லியிருக்காங்க."