வீடர்ஷ்புருக் அண்ணையும் ஈரமில்லாத முத்திரையும்

ஜேர்மனியில் நாற்பது வருடம் வாழ்ந்தும் ‘நைன்’ என்ற சொல்லை ஒருநாள்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். மற்றவர்களுக்கு ‘நைன்’ என்றால் இல்லை. அவருக்கு ‘நைன்’ என்றால் பேச்சு இப்போதுதான் தொடங்குகிறது.

அவருடைய சொந்தப் பெயர் கொலோன் நகரத் தமிழர்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் வீடர்ஷ்புருக் அண்ணை. இந்த ஊர் அலுவலகக் கடிதங்களின் அடியில், பொடி எழுத்தில், ‘இந்த முடிவுக்கு ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆட்சேபத்துக்குத்தான் ஜேர்மன் மொழியில் வீடர்ஷ்புருக் என்று பெயர். நாங்கள் கடிதத்தை மேலிருந்து வாசித்து நடுவில் அழத் தொடங்குவோம். அண்ணை அடியிலிருந்து வாசிப்பார்.

“மேல இருக்கிறது அவன்ர விருப்பம் பிள்ளை. அடியில இருக்கிறது எங்கட உரிமை” என்பார்.

பல்கனியில் மீன் பொரிக்கக் கூடாது என்று வீட்டு நிர்வாகம் ஒருமுறை அறிவித்தல் ஒட்டியது. அண்ணை ஏழு பக்கத்தில் ஆட்சேபம் எழுதினார். அதில் ஒரு கேள்வி: ‘மீன் என்ற சொல்லுக்குள் இறால் அடங்குமா?’ நிர்வாகம் வக்கீலிடம் கேட்டுப் பதில் எழுதுவதற்குள் கோடைகாலம் முடிந்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் எங்கள் கட்டடத்தில் இறால் மணந்தது.

தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நன்றியுரைக்குக்கூட எழுந்து நின்றார். “தலைவர் குறை நினைக்கக்கூடாது. ஆருக்கு நன்றி, எதுக்கு நன்றி எண்டு முதல் விளங்கப்படுத்துங்கோ” என்றார். விளங்கப்படுத்தி முடிய கொத்து றொட்டி ஆறிப்போய்விட்டது.

ஆனால் அவரை இப்படி ஆக்கியது அவருடைய பெயர்தான். அகதியாக வந்த நாளில் அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து எல்லாக் கடிதமும் ‘திருவாளர் வைத்திலிங்கம்’ என்றே வந்தது. அண்ணை ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் எழுதினார்: ‘தாங்கள் அழைக்கும் வைத்திலிங்கம் எனது தகப்பனார். அவர் விமானமே ஏறாதவர். ஆகவே தாங்கள் நாளும் நேரமும் குறித்துத் தந்த டெர்மினுக்கு வர இயலாது.’ சில வருடங்களில் தகப்பனார் காலமானதும் அதையும் எழுதினார். அலுவலகம் மரணச் சான்றிதழ் கேட்டது. அனுப்பினார். அடுத்த மாதமே வைத்திலிங்கம் இறந்துவிட்டார் என்று சொல்லி அண்ணையின் விசாக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அண்ணை நேரே போய் அலுவலக யன்னலில் தட்டினாராம். “நான் செத்தவன். எனக்கு ஒரு டெர்மின் வேணும்.”

நான் இதற்கு நேர் எதிர். தபால்பெட்டியில் அலுவலக மஞ்சள் உறையைக் கண்டாலே இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருப்பேன். கணவர் காலமாகி நான்கு வருடமாகிறது. மகள் மதுராவையும் என்னையும் காப்பாற்றியது கீழ்ப்படிவுதான் என்று நம்பியிருந்தேன். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுவேன். மாடிப்படியில் அண்ணையைக் கண்டால் ஒதுங்கிப் போவேன், அவருடைய துணிச்சல் தொற்றிவிடும் என்ற பயத்தில்.

போன குளிர்காலம் பதினாறு வயது மதுரா பள்ளிப் பரிமாற்றத்தில் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தாள். பனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். முதல் சத்திரசிகிச்சை அவசரம் என்று உடனே செய்துவிட்டார்கள். இரண்டாவதாக ஒரு தகடு வைக்கவேண்டும், மறுநாள் காலை நேரம் குறித்திருக்கிறது என்றார்கள். ஆனால் அதற்கு என் சார்பில் அவள் தங்கியிருந்த வீட்டுப் பெண்மணி சம்மதம் கொடுக்கலாம் என்று நான் கையெழுத்திட்ட ஒரு பத்திரம் வேண்டும். அந்தக் கையெழுத்தை நோட்டரி ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அந்த நேரம் தவறினால் அடுத்த இடம் ஒரு கிழமைக்குப் பிறகுதான், அதற்குள் எலும்பு கோணலாகப் பொருந்தத் தொடங்கிவிடும் என்று வைத்தியர் சொன்னார். இப்போதும் தொலைபேசி அதிர்ந்தால் எழும்பி நின்றுதான் எடுக்கிறேன்.

எங்கள் தெருமுனை நோட்டரியின் செயலாளர் மூன்று கிழமைக்குப் பிறகு வரும்படி டெர்மின் தந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்து மாடிப்படியில் குந்தியிருந்து அழுதேன். அண்ணை இறங்கி வந்தார்.

“என்ன பிள்ளை, ஆர் ‘நைன்’ சொன்னது?”

சொன்னேன். அடுத்த நிமிடம் அந்த அலுவலகத்தில் நின்றார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். செயலாளர் அவருக்குக் கோப்பி கொடுத்தாராம், டெர்மின் கொடுக்கவில்லையாம். நோட்டரி லீவில் என்றபடியால் ஆட்சேபம் தெரிவிக்க ஆளில்லை.

அதற்குள் மதுரா தங்கியிருந்த வீட்டுப் பெண்மணி ஒரு வழி எழுதி அனுப்பியிருந்தார். அங்கேயுள்ள நோட்டரி ஒருவர் வீடியோ அழைப்பிலேயே கையெழுத்தைப் பார்த்து உறுதிப்படுத்துவார், ஆஸ்பத்திரியும் ஏற்றுக்கொள்ளும். பின்னேரம் நான்கு மணிக்கு இணைப்பு.

அண்ணைக்குப் பெரிய சந்தேகம். “கண்ணாடிக்குள்ளால முத்திரை எப்பிடிக் குத்துவான்? முத்திரை எண்டால் ‘டொக்’ எண்டு சத்தம் கேக்கோணும். மேசை ஆடோணும்.”

ஆனாலும் மூன்றே முக்காலுக்குக் கோட், டை, கையில் பழைய தோல் பையோடு வந்துவிட்டார். வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. “நான் குசினிக்குள்ள, அடுப்படியில இருக்கிறன். மூச்சும் விடமாட்டன்” என்றார்.

திரையில் காதில் இயர்போன் மாட்டிய ஒரு பெண் நோட்டரி தோன்றினார். கடவுச்சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: “நீங்கள் இதில் உங்கள் சுய விருப்பத்தோடு கையெழுத்திடுகிறீர்களா?”

பதற்றத்தில் எனக்கு ஆங்கிலமும் போய்விட்டது, ஜேர்மனும் போய்விட்டது. வாயில் வந்தது பிறந்த ஊரின் ‘ஆம்’.

“ஓம்.”

அவர் மரியாதையாகக் காத்திருந்தார். “நீங்கள் பிரார்த்தனை செய்வதென்றால் செய்து முடியுங்கள். எனக்கு அவசரமில்லை.”

“ஓம், ஓம்” என்றேன், இன்னும் பதறி.

அவரும் கண்களை மூடிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு, சம்மதம் என்று காட்ட, எங்கள் ஆட்கள் ஆட்டுவதுபோலத் தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினேன். கண்ணைத் திறந்தவர் திடுக்கிட்டார். “மறுக்கிறீர்களா?”

குசினியிலிருந்து ஒரு முழக்கம்: “பிள்ளை, தலையை ஆட்டாதை! யெஸ் எண்டு சொல்லு!”

“அந்த ஆண் யார்? உங்களை வற்புறுத்துகிறாரா?”

அண்ணை வெளியே ஓடிவந்து கமராவுக்குள் முகம் முழுவதையும் கொண்டுபோனார். “நோ வற்புறுத்தல், மேடம். ஒன்லி நெய்பர்!”

திரை கறுத்தது. ‘இந்த அமர்வு முடிக்கப்பட்டது’ என்று எழுத்து வந்தது.

அண்ணையை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். “நான்தான் கெடுத்துப்போட்டன் பிள்ளை” என்றார். யாருடைய முடிவுக்கும் ஆட்சேபம் எழுதக்கூடியவருக்குத் தன்னுடைய பிழைக்கு எழுத ஒரு வரி வரவில்லை.

நான் அழைத்துக் கெஞ்சியதில், அதே நோட்டரியிடம் ஐந்து மணிக்கு ஒரு இடம் கிடைத்தது. அன்றைக்கு அதுவே கடைசி.

“நான் பல்கனியில நிக்கிறன். நீ உள்ளால பூட்டு” என்றார் அண்ணை.

“பனி கொட்டுது அண்ணை. மேல உங்கட வீட்டை போங்கோ.”

“மேல போனால் என்ன நடக்குதெண்டு தெரியாமல் செத்துப்போவன். ஏற்கனவே ஒருக்கா செத்தனான், காணும்.”

பூட்டினேன். இந்த முறை நோட்டரி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கட்டில், அலுமாரி, மதுராவின் பள்ளிப் படம், பல்கனிக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே டை கட்டிய ஒரு மனிதர், தலையில் பனி.

“என்னுடைய அயலவர். கதவை உள்ளே பூட்டியிருக்கிறேன். அவருக்கு எதுவும் கேட்காது” என்று உண்மையைச் சொன்னேன்.

நோட்டரி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். “அறைக்குள் இல்லையென்றால் சரி. அவருக்குக் குளிராதா?”

“குளிருக்கும் அவரிடம் ஆட்சேபம் இருக்கும்.”

முதன்முறையாகச் சிரித்தார். பிறகு பத்திரத்தைத் திறந்தார், சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரி என்னை ‘திருமதி ஜெயசீலன்’ என்று எழுதியிருந்தது. மதுராவின் கடைசிப் பெயர் ஜெயசீலன், ஆகவே தாயும் ஜெயசீலன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர், தர்மராஜா.

“மன்னிக்கவும். பெயர் பொருந்தவில்லை. இதில் என்னால் எதுவும் செய்ய முடியாது.”

பழைய நானாக இருந்தால் நன்றி சொல்லி வைத்திருப்பேன். தலை தன்னால் பல்கனிப் பக்கம் திரும்பியது. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் ஒருமுறை தட்டினார். குனிந்து, விரலால் கீழே, கீழே என்று காட்டினார்.

அடியிலிருந்து வாசி!

திரையில் பத்திரத்தைக் கீழே இழுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: கையெழுத்திடுபவர் தமது விவரத்திலுள்ள பிழையைக் கையெழுத்துக்கு முன் வெட்டித் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடலாம்.

“எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது” என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. “ஜெயசீலன் என் கணவரின் பெயர். மகளின் பின்னால் அவளுடைய அப்பா நிற்கிறார், என் பின்னால் என் அப்பா நிற்கிறார். இதில் ஒருவரும் பொய்யில்லை. உங்கள் படிவத்தில்தான் இடம் போதவில்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை வாசியுங்கள்.”

அவர் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். “சரி. திருத்துங்கள்” என்றார்.

வெட்டினேன், எழுதினேன், ஒப்பமிட்டேன். சுய விருப்பமா என்று கேட்டபோது கழுத்தை இரும்புபோல வைத்துக்கொண்டு மூன்று முறை “யெஸ்” என்றேன். திரையில் ஒரு நீல முத்திரை சத்தமில்லாமல் வந்து இருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். “அண்ணை, நீங்கள் காட்டினபடியே அடியில வாசிச்சன்!”

அவர் பல் கிடுகிடுக்க உள்ளே விழுந்தார். “ஆர் வாசிக்கச் சொன்னது? கால் விறைச்சுப் போச்சு, கதவைத் திற எண்டெல்லோ காட்டினனான்!”

போர்வையும் தேத்தண்ணியுமாக இருந்து திரையைப் பார்த்தார். பெருவிரலால் முத்திரையைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார். “ஈரமே இல்லை” என்றார். “ஆனால் எங்கட மதுராவுக்கு இது காணும்.”

மறுநாள் தகடு வைத்தார்கள். மதுரா திரும்பி வந்ததும் முதல் வேலையாக மூன்று மாடியும் ஏறி, வீடர் மாமாவுக்கு நடந்து காட்டினாள்.

கோடையில் அண்ணை ஹம்பேர்க்குக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். படியேற ஏலாது என்பதை மட்டும் அவர் ஆட்சேபமில்லாமல் ஏற்றுக்கொண்டார். போன கிழமை வீட்டு நிர்வாகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. குடியில்லாத வைத்திலிங்கத்தின் பெயரைத் தபால்பெட்டியிலிருந்து அகற்றவேண்டுமாம், அண்ணை போகும்போது தந்த பெட்டிச் சாவி என்னிடம் இருப்பதால் நானே அகற்றவேண்டுமாம்.

படியிலேயே நின்று பிரித்தேன். அடியிலிருந்து வாசித்தேன். இப்போது ஆறாம் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்: வைத்திலிங்கம் என்பவர் இந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை, ஆகவே அவர் வெளியேறிவிட்டார் என்று கூற உங்களுக்கு ஆதாரமில்லை.

ஏழாம் பக்கத்தில் உண்மையான காரணத்தை எழுதலாம் என்றிருக்கிறேன். அண்ணை எங்கேயும் டெர்மின் எடுத்துப் போகிறவர் அல்ல. ஒருநாள் சும்மா வந்து நிற்பார். வரும்போது தபால்பெட்டியில் அவருடைய அப்பா இருக்கவேண்டும்.