பேராசிரியர் எவ்ஸ்தாதியின் மூளைத் தொப்பி

யாம்போல் நகர வாசகசாலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மண்டையைத் திறக்காமலே மூளையைப் படிக்கும் பேராசிரியர் எவ்ஸ்தாதி வந்திருக்கிறாராம்! எந்தக் கல்லூரிப் பேராசிரியர்? அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

மூளையில் பயத்தைக் கவனிக்கும் பகுதி அமிக்டலா. பாதாம்பருப்பு வடிவம். ஆகவே பயந்தவர்களுக்குப் பேராசிரியர் மந்திரித்த பாதாம் விற்றார். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் கடல்குதிரைபோல் வளைந்திருக்கும். ஆகவே மறதிக்காரர்கள் கழுத்தில் காய்ந்த கடல்குதிரை தொங்கியது. வடிவம் ஒத்துப்போனால் வைத்தியம் முடிந்தது!

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவன் ஸ்தாமெனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள் ராத்கா. சொல் வாய்வரை வந்து நின்றுவிடும். அவன் கண் கலங்கும். அதைப் பார்த்துப் பார்த்து, யார் காலில் வேண்டுமானாலும் விழத் தயாராகியிருந்தாள். பள்ளியில் உளவியல் நடத்தும் நாத்தனார் ஸ்த்ராவ்கா முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள்.

ஸ்தாமென் தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பி ஏறியது. திரையில் வண்ணங்கள் ஆடின. பேராசிரியர் திரையைப் பார்த்து நின்று முழங்கினார்.

"வலது மூளையில பேச்சு அடைபட்டுக் கெடக்கு. ஆஸ்பத்திரி மாத்திரைய இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா!"

"அண்ணி, பேச்சு பெரும்பாலும் இடது மூளையில. அடைப்பும் இடது பக்கம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"சும்மா இரு! அவருக்குத் தெரியாததா?"

ஸ்த்ராவ்கா சும்மா இருக்கவில்லை. அண்ணன் தலையிலிருந்த தொப்பியை மெல்லக் கழற்றி, மேஜையில் யாரோ காணிக்கையாக வைத்திருந்த தர்பூசணிக்கு மாட்டினாள். வண்ணங்கள் முன்போலவே ஆடின.

"ஆகா, பயம் கரையுது! அம்மா மேல பாசம் பொங்குது!" என்றார் திரையைவிட்டுக் கண்ணெடுக்காத பேராசிரியர்.

"தர்பூசணிக்கு ஏதுய்யா அம்மா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

பேராசிரியர் திரும்பினார். தொப்பி போட்ட தர்பூசணியைக் கண்டார். "பழத்துக்கும் உணர்வு உண்டு..."

"அப்ப அதோட மாத்திரையையும் நிறுத்தச் சொல்லு!"

மண்டபமே சிரித்தது. ஸ்தாமெனும் குலுங்கிச் சிரித்தான். சிரிப்போடு அவன் வாயிலிருந்து பச்சையான வசவு ஒன்று தெளிவாக வந்து விழுந்தது.

"அற்புதம்!" என்று ஒரு பெண் மண்டியிட்டாள்.

"எந்திரிங்க," என்றாள் ஸ்த்ராவ்கா. "பழகின வசவு பேச்சுப் போனாலும் தானா வரும். மத்ததெல்லாம் பயிற்சியிலதான் வரணும்."

ராத்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நான்தான் புத்தியில்லாம இவரை இழுத்து வந்தேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்று கணவனைத் தாங்கிக்கொண்டாள்.

பேராசிரியர் பின்வாசல் வழியாக ஓடினார். பாதாம் வாங்கியவர்கள் துரத்தினார்கள்.

மூளை எங்கே இருக்கிறதென்று எவனும் தொப்பி மாட்டிக் காட்ட வேண்டாம், ஐயா. இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள்; தேய்ந்து போகாது!