உப்புப் பாத்தியில் ஒரு கருந்துளை ஆராய்ச்சி

என் மாமியாரை நான் உப்புத் தண்ணீரில் தள்ளியிருக்கிறேன். அதுவும் கல்யாணத்துக்கு முன்பே.

நிச்சயம் முடிந்து முதல்முறையாக மரக்காணத்தில் ஜெரால்டு வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா மேரி அத்தை, எதையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு நகர்கிறவர் அல்ல. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டார். நானும் (இரண்டாம் முறை சோறு வாங்கிய தைரியத்தில்) ஆரம்பித்தேன். வெற்றிடத்தில் சும்மா இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவருக்கு மட்டும் அதே வெற்றிடம் சூடாகத் தெரியும். கருந்துளைக்குப் பக்கத்தில் விழாமல் எதிர்த்து நிற்கிறவருக்கும் அதே மாதிரி சூடு தெரியும். பிடியை விட்டு விழுகிறவருக்குத் தெரியாது. இந்த இரண்டு சூடும் எவ்வளவு தூரம் ஒன்று, எங்கே வேறு என்பதுதான் என் வேலை.

"வேகமா போனா ஜில்லுன்னு தானேம்மா இருக்குது?" என்றார் அத்தை.

ஸ்கூட்டர் வேகத்தில் அந்தச் சூட்டை எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாது என்று சொல்லி, ரசத்துக்குப் போயிருக்கலாம். நானோ, வேகம் வேறு, வேகத்தைக் கூட்டுவது வேறு என்று செய்தே காட்டுகிறேன் என ஜெரால்டின் வண்டிச் சாவியை எடுத்தேன். (லைசென்ஸ் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.)

உப்பளத்துக்கு நடுவே மண்பாதை. எனக்காகக் கட்டிய பட்டுப்புடவையோடு அத்தை பின்னால். ஒரே வேகத்தில் போனால் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரிதான் என்று கத்திக்கொண்டே, "இப்போ பாருங்க அத்தை" என்று முறுக்கினேன். பாதை வளைந்தது. நான் வளையவில்லை. வண்டி வரப்பில் சாய்ந்துகொண்டது. நாங்கள் இருவரும் பாத்திக்குள் போய் உட்கார்ந்தோம்.

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாய் நிறைய உப்பு. அத்தை சிராய்த்திருந்த தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"விழுறப்போ ஒண்ணுமே தெரியலம்மா. உக்காந்த பிறகுதான் எரியுது. நீ படிச்சது சரியாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் எழுந்திருக்க முடியாமல் மறுபடி வழுக்கி உட்கார்ந்தார். கைகொடுக்கப் போன நானும் உட்கார்ந்தேன். ஓடிவந்த ஜெரால்டு முதலில் நிமிர்த்தியது வண்டியைத்தான். (அதை இருவரும் இன்னும் மன்னிக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு அத்தை இன்றும் என் வண்டியில்தான் வருவார். ஏறும்முன் தெருவுக்கே கேட்கும்படி ஒரு கேள்வி:

"சும்மா போறமா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சின்னா சொல்லிடு, பழைய புடவை கட்டிக்கிட்டு வர்றேன்."