செத்த பந்தயக்காரனும் ஒரு போல்ட்டும்

மனிதர்களுக்குப் பேய் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காருக்குப் பேய் ஓட்டுகிறவரைப் பார்த்ததுண்டா? சந்தைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அந்த அற்புதம் வாராவாரம் நடந்தது. டாக்ஸிகள் தெருமுனை வரை வரிசையில் நின்றன. அற்புதம் செய்கிறவருக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர்.

அன்றைக்கு வரிசையில் ‘ஹாரன்’ நின்றான். அவன் வாயும் வண்டி ஹாரனும் ஓயாததால் டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. கூடவே அவனுடைய நிறைமாத மனைவியும், தொழிற்பயிற்சிக் கூடத்தில் என்ஜின் பாடம் நடத்தும் அவன் அக்காவும்.

விஷயம் இதுதான். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் வேக ஆசையில் பந்தயக் கார்களுக்கான கேம் ஷாஃப்டை, அதாவது என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, வாங்கித் தங்கள் கிழட்டு டாக்ஸிகளில் மாட்டினார்கள். அன்று முதல் வண்டி சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும், ‘டப்’பென்று அணைந்துவிடும். புது கேமுக்கு ஏற்ப, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டருக்குத் தோன்றியது. ஆனால் அவர் வெளியில் சொன்னது வேறு.

“பந்தயத்துல செத்தவனோட வண்டியிலேர்ந்து கழட்டின சாமான் இது. அவன் ஆவி உள்ளயே உக்காந்திருக்கு!”

நம் ஆட்களுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. என்ஜினைப் பற்றித் தெரிந்துகொள்வதுதானே கஷ்டம், ஆவியைப் பற்றி எல்லோருக்கும் தெரியுமே!

ஹாரனுக்கு மட்டும் போன தடவையே கூடுதல் எச்சரிக்கை. “வயித்துப் புள்ளைக்காரிய இந்த வண்டியில ஏத்திடாதே. ஆவி குறி வெச்சிருக்கு.” அதிலிருந்து அவன் மனைவி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். பஸ்ஸுக்குப் பின்னால் ஹாரன் காலி டாக்ஸியை ஓட்டிக்கொண்டு போனான். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. திடீரென்று அவளுக்கு வலி எடுத்தால் என்ன செய்வது என்றுதான் பஸ்ஸை விட்டு விலகாமல் ஓட்டினான்.

மாஸ்டரின் முறை எளிது. முதலில் வண்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்த் தனியாக ‘மோப்பம்’ பார்ப்பார். பிறகு வெளியே, கூட்டத்தின் நடுவே, ஓடுகிற என்ஜின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, உள்ளே கையை விட்டு ஏதோ முணுமுணுப்பார். நடுக்கம் நின்றுவிடும். கூட்டம் வாயைப் பிளக்கும். ஒரு மாதத்தில் ஆவி திரும்பி வரும். காணிக்கையும் மாஸ்டரிடம் திரும்பி வரும். ஆவிக்குத்தான் எவ்வளவு ஒழுங்கு!

மோப்பம் முடிந்து ஹாரனின் கார் வெளியே வந்தது. “தண்ணி இருக்கான்னு பாக்குறேன்” என்று அக்கா பானட்டைத் திறந்தாள். கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

“என்னக்கா பண்றே? ஆவிக்குக் கோவம் வந்துடப்போவுது!”

“வரட்டும். நீ கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு வேடிக்கை பாரு.”

மாஸ்டர் துணிக்குள் கையை விட்டார். முணுமுணுத்தார். என்ஜின் நடுங்கியது. இன்னும் சத்தமாக முணுமுணுத்தார். தோள் குலுங்கியது, முகம் சிவந்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. என்ஜின் ‘டப்’பென்று அணைந்தது.

“ரொம்ப முரட்டு ஆவி” என்றார், மூச்சு வாங்க.

“ஆவி முரடு இல்லீங்க, போல்ட்டுதான் முரடு.” அக்கா துணியை உருவினாள். மாஸ்டரின் பத்து விரல்களும் டிஸ்ட்ரிபியூட்டரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

“தீப்பொறி எப்ப விழணும்னு முடிவு பண்றது இந்த டப்பாதான். இதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டை கொட்டகைக்குள்ள வெச்சே லூசாக்கிடுறாரு. துணிக்குள்ள லேசா திருப்புறாரு. இறுக்காமலே அனுப்பிடுறாரு. ஓட ஓட அது தானா நழுவிடுது. நான் முன்னாடியே இறுக்கிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.”

ஹாரனை மறுபடி வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க போல்ட்டைத் தளர்த்தி டப்பாவை நூலளவு திருப்பினாள். கார்புரேட்டர் திருகையும் சரிசெய்தாள். மிதித்த காலை எடுத்த பிறகும் என்ஜின் நிதானமாக ஓடியது. போல்ட்டை இறுக்கினாள். மாஸ்டர் எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

“அக்கா, ராசியான கை உங்களுக்கு! என் வண்டியையும் தொட்டுக் குடுங்க!” என்று ஒரு டிரைவர் கும்பிட்டான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஸ்பேனரை அவன் கையில் திணித்தாள். “நீயே திருப்பு. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்.”

ஹாரனின் மனைவி யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஹாரன் தயங்கினான். “நிஜமாவே நீ ஏறலாமா?”

“ஆவி குறி வெச்சது என் வயித்தை இல்ல, உங்க தலையை. காலியா கிடக்குன்னு குடிவரப் பாத்திருக்கு. வண்டிய எடுங்க. புள்ளை பொறந்ததும் கேள்வி கேக்க ஆரம்பிச்சிடும், அதுக்குள்ளயாவது யோசிக்கப் பழகுங்க!”