உப்பு: தேவையான அளவு

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் மதியச் சாப்பாடு இனிமேல் முறைப்படி அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதில் அதிகாரிகளுக்கும் அம்மாக்களுக்கும் என்ன தகராறு? அங்கீகாரச் சீட்டு ஒட்டாத டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவின் இரண்டாம் பகுதி. அதை நான் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டேன்.

காலையில் மூடிக் கொடுத்த டப்பாவை என் மகள் மூடியபடியே கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு நாலரை வயது. வீட்டில் கூப்பிடுவது பட்டாணி.

"ஏண்டி சாப்பிடலை?"

"டீச்சர் திறக்கக் கூடாதுன்னாங்க."

"அப்புறம் என்ன பண்ணினே?"

"மூடி மேல மோந்து பார்த்துக்கிட்டேன்."

பள்ளியில் அவளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்திருந்தார்கள். அவை அங்கீகரிக்கப்பட்ட பிஸ்கட்டுகள். ஒன்றை மேசைக்கு அடியில் எறும்புக்குப் போட்டாளாம், எறும்பும் சாப்பிடவில்லையாம்.

டப்பாவில் இருந்தது பெரிய விருந்தெல்லாம் இல்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். ஆனால் வறுவலைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. வறுவலைக் கண்ணால் பார்த்துச் செய்கிறவர்கள் கருக்கிவிடுவார்கள். காதால் கேட்க வேண்டும். சட்டியில் சத்தம் அடங்குகிற நேரத்தில் ஒரு திருப்பு, அவ்வளவுதான். வெங்காயம் ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதுகிறவர் எவரும் வெங்காயம் வதக்கியதே இல்லை என்பது என் இரண்டாவது அபிப்பிராயம். மூன்றாவதுதான் முக்கியம்: உலகத்திலேயே ருசியான சாப்பாடு எது என்றால், வேறு யாரோ சமைத்து, "உட்காரு" என்று சொல்லிப் போடுகிற சாப்பாடு. கல்யாணமான ஆறு வருஷத்தில் இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பும் அமையவில்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். சமையலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது "நல்லா இருக்கு" என்ற இரண்டு வார்த்தை. அதையும் தட்டில் சோறு விழுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

மறுநாள் இல்லச் சுவை ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவையும் கூப்பிட்டேன். அவளுடைய பெண்ணும் பட்டாணி வகுப்புதான். பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "நீ முதல்ல போ. உனக்குக் கிடைச்சா நானும் போடறேன். கிடைக்கலைன்னா எனக்கு ஒரு நாள் மிச்சம்."

அலுவலகம் இரண்டாவது மாடியில். படிக்கட்டில் பாதி தூரம் பழைய கோப்புகள் உட்கார்ந்திருந்தன; மீதி தூரம் அம்மாக்கள். என் முறை வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா என் விண்ணப்பத்தை மேலிருந்து கீழே படித்தார். கோடு போட்ட தாளில் என் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் உருளைக்கிழங்கு நான்கு, வெங்காயம் ஒன்று, எண்ணெய் இரண்டு கரண்டி என்று எழுதியிருந்தேன். கடைசி வரியில் அவருடைய பேனா நின்றது.

"உப்பு, தேவையான அளவுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"யாருக்குத் தேவையான அளவு?"

"சாப்பிடறவங்களுக்கு."

"சாப்பிடறது யாரு?"

"என் பொண்ணு."

"அப்ப உப்பு தேவைன்னு அவங்கதானே மனு கொடுக்கணும்? நீங்க எப்படிக் கொடுக்கறீங்க?"

"அவளுக்கு நாலரை வயசு சார். இன்னும் எழுத்தே கூட்டத் தெரியாது."

"எழுதத் தெரியாதவங்க உப்பு போட்டுச் சாப்பிடறது சம்பந்தமா தனி விதி இருக்கும்மா." அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கொஞ்சம் வருத்தத்தோடு மூடினார். "இல்லை. இனிமேத்தான் போடணும்."

"சார், ஒரு ஸ்பூன்னு திருத்திக் கொடுத்துடறேன், பேனா கொடுங்க."

"ஐயையோ. தேவையான அளவுன்னு ஒரு தடவை எழுதிட்டீங்க. தேவைன்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அதை நிர்ணயம் பண்ணாம விட முடியாது."

நாலாம் நாள் கடிதம் வந்தது. பொருள்: உப்பு – தேவை நிர்ணயித்தல் – தொடர்பாக. பார்வை: தங்கள் உருளைக்கிழங்கு. மேற்படி உருளைக்கிழங்கில் இடப்படும் உப்பின் தேவையை நேரில் கண்டறியும் பொருட்டு மூவர் குழு ஒன்று தங்கள் சமையலறைக்கு வருகை தரும் என்றும், அதுவரை மேற்படி உருளைக்கிழங்கைச் சிறுமி உட்கொள்ளாதிருப்பதைத் தாங்கள் உறுதி செய்ய வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

குழு சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தது. அலுவலகத்தில் எந்த வேலையும் அவ்வளவு சரியான நேரத்துக்கு நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

மூவரில் தலைவருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். ருசியும் தெரியாது, மணமும் தெரியாது. மற்ற இரண்டு பேர் முகத்தைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். இரண்டாமவர் அளவை ஆய்வாளர். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். மூன்றாவது ஒரு இளைஞர். சுவை வல்லுநர் என்று அட்டை மாட்டியிருந்தார். அடுப்புப் பக்கமே போகாமல் அடுப்பைப் படம் எடுத்தார்.

"உப்பு எப்படிப் போடுவீங்க?" என்றார் அளவை ஆய்வாளர்.

"கையால எடுத்துப் போடுவேன் சார். ரெண்டு சிட்டிகை."

"ஒரு சிட்டிகை எவ்வளவு?"

விரலைக் குவித்துக் காட்டினேன். அதைத் தராசில் போடச் சொன்னார். போட்டேன். மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டு சிட்டிகையும் ஒரே எடை இல்லை. அவர் முகம் இருண்டுவிட்டது. பத்து முறை எடுக்கச் சொன்னார். பத்தும் பத்து விதம்.

"சமைக்கும்போது கை ஈரமா இருக்குமா, உலர்ந்து இருக்குமா?"

"அது அன்னைக்குத் துணி துவைச்சேனா இல்லையாங்கறதைப் பொறுத்தது சார்."

"துணி துவைக்கற நாள் பட்டியல் ஒண்ணு இணைச்சுடுங்க" என்று எழுதிக்கொண்டார்.

சுவை வல்லுநர் என் தட்டைப் பார்த்து வருத்தப்பட்டார். வீட்டிலேயே பெரிய தட்டு எது என்று கேட்டு வாங்கி, அதன் ஓரத்தில் பருப்பைக் கரண்டியின் முதுகால் ஒரு இழுப்பு இழுத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர் முதல் கோடு போட்டுப் பார்ப்பதைப் போல இருந்தது. நடுவில் மூன்றே மூன்று கிழங்குத் துண்டு. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதது போலத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"மீதி சோறு எங்க வைக்கிறது தம்பி?" என்றேன்.

"மீதியெல்லாம் வேண்டாம் மேடம். தட்டு மூச்சு விடணும்."

"தட்டு மூச்சு விடட்டும். பிள்ளைக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கே?"

"இப்ப எல்லா இடத்துலயும் இப்படித்தான். உப்புகூட இப்ப யாரும் போடறதில்லை. உப்பு பழசாயிடுச்சு."

படம் எடுத்து முடித்ததும் அந்த மூன்று துண்டையும் வாயில் போட்டார். அதற்குப் பிறகு அவர் தட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். அளவை ஆய்வாளர் தராசை மூடி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அந்த இரண்டு முகங்களையும் பார்த்த தலைவர், "ஓகோ" என்று சொல்லித் தன் தட்டையும் நீட்டினார். கால் மணி நேரத்தில் சட்டியில் ஒட்டியிருந்த பொடிகூட மிச்சமில்லை.

தலைவர் கையைக் கழுவிவிட்டு வந்து, வருத்தமான குரலில் தெரிவித்தார்: "மாதிரிப் பொருள் தீர்ந்துபோனதால ஆய்வு முழுமையடையலை. நாளைக்கு மறு ஆய்வு."

மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் உப்பு சரியாக இருந்தது, ஆனால் அது தற்செயலா என்று சந்தேகம் எழுந்தது. நான்காம் நாள் தற்செயல் இல்லை என்று உறுதியானது. அதை எழுத்தில் பதிவு செய்யப் பேனா கொண்டுவரவில்லை. ஐந்தாம் நாள் பேனாவோடு ஒரு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார்கள், பிழிந்துகொள்ள. தலைவர் வீட்டிலிருந்தே சொந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பக்கம் பட்டாணி தினம் இரண்டு பிஸ்கட்டில் வாடிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடுவாள். அங்கே கழுவிக் கவிழ்த்த சட்டிதான் இருக்கும். நான் மறுபடி உலை வைக்கிற வரைக்கும் அவள் கரண்டியை நக்கிக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, நானும் ஆபீசர் ஆயிட்டா நீ எனக்கு மத்தியானம் சோறு போடுவியா?"

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் புலம்பினேன். "எட்டு நாளா திங்கறாங்க. என்ன குறைன்னு சொல்லவும் மாட்டேங்கறாங்க, சீட்டும் தர மாட்டேங்கறாங்க!"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "குறை இருந்தாத்தானே சொல்லுவாங்க? நான் பஸ்ஸுல தினம் பார்க்கறேன். ஜன்னல் சீட்டு கிடைச்சவன், இறங்கவேண்டிய இடம் வந்தாலும் தூங்கற மாதிரி நடிப்பான். எழுப்பணும்னா சீட்டைப் பிடுங்கணும்."

ஆறு வருஷத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன ஒரே உருப்படியான அபிப்பிராயம் அது.

ஒன்பதாம் நாள் நான் சட்டியின் சத்தத்தைக் கேட்கவில்லை. கிழங்கை அரை வேக்காட்டில் இறக்கினேன். வெங்காயத்தைப் புத்தகத்தில் உள்ளபடி ஐந்தே நிமிடம் வதக்கினேன். பருப்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். உப்பு டப்பாவைப் பரணில் ஏற்றி வைத்தேன். அந்த எட்டு நாளில் எந்த நாளும் அவ்வளவு சிரித்துக்கொண்டு நான் சமைத்ததில்லை.

அளவை ஆய்வாளர் ஒரு வாய் போட்டார். மென்றார். மறுபடி மென்றார். சுவை வல்லுநர் தட்டு மூச்சு விடட்டும் என்று அப்படியே விட்டுவிட்டார். தலைவர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பூனைத் துடைத்துப் பையில் போட்டார்.

"எல்லாம் திருப்தியா இருக்கும்மா" என்றார். "இன்னும் எதுக்கு இழுத்தடிக்கணும்?" நின்றபடியே கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்தார். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

சீட்டைக் கையில் வாங்கிப் படித்தபோதுதான் சிரிப்பு நின்றது. "இதில் கண்டுள்ளவாறே சமைக்கப்பட வேண்டும். மாறுபடின் சீட்டு ரத்தாகும். கிழங்கு: அரை வேக்காடு. பருப்பு: நீர்த்த நிலை. உப்பு: தேவை இல்லை என நிர்ணயிக்கப்பட்டது."

இப்போது டப்பாவைத் திறக்கலாம், தின்னத்தான் முடியாது. கிழங்கை நன்றாகவே வேகவைத்தேன். வெந்ததா வேகவில்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் எந்த டீச்சருக்கும் தெரியாது. உப்பைப் பழைய நாள்காட்டித் தாளில் மடித்து, பட்டாணியின் பென்சில் டப்பாவில் அழிரப்பருக்கு அடியில் வைத்தேன். யாருக்கும் காட்டாதே என்று பத்து முறை சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் டப்பா காலியாக வந்தது.

"அம்மா, டீச்சர் உப்பைப் பார்த்துட்டாங்க."

பென்சில் டப்பாவைப் பிடுங்கித் திறந்தேன். "என்னடி சொன்னாங்க?"

"எனக்கும் கொஞ்சம் போடுன்னாங்க."

மறுநாள் பன்னிரண்டரைக்கு வாசலில் பழகின இருமல் கேட்டது. மூன்று பேரும் நின்றார்கள். கையில் கோப்பு இல்லை, ஸ்பூன் இருந்தது.

"ஆய்வா சார்?"

"இல்லம்மா. சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலையா..."

"வாங்க, வாங்க. சீட்டுல இருக்கறபடியே சமைச்சு வச்சிருக்கேன். உட்காருங்க."

அவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்த வேலை சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வந்தது. குழுவில் சமையல் அறிந்தவர் ஒருவரும் இல்லை என்ற குறை அரசின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளதால், அங்கீகாரம் பெற்ற முதல் தாய் என்ற முறையில் நான் நான்காவது உறுப்பினராக நியமிக்கப்படுகிறேன். வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்து, "நல்லா இருக்கு" என்றார்.

நான் ஒத்துக்கொண்டேன். அம்மாக்களின் கஷ்டம் தெரிந்த ஒருத்தி உள்ளே போனால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் அல்லவா?

முதல் ஆய்வு தையல்கார அக்கா வீட்டில். நேற்று வரை "ஏய், இங்க வாடி" என்று சுவருக்கு மேலிருந்து கூப்பிட்டவள், வாசலில் நின்று, "உறுப்பினர் அம்மா, வாங்க" என்றாள். துணியெல்லாம் ஒதுக்கி, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தாள். தக்காளியை நன்றாகச் சுண்டவிட்டு அதில் முட்டையை உடைத்து ஊற்றியிருந்தாள். ஆவி பறக்கச் சோறு.

"உட்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் போட்டாள். நான் எழுந்து கரண்டி எடுக்க வேண்டியதில்லை. அடுப்பை அணைத்தேனா என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு வாய் போட்டேன். என் மூன்றாவது அபிப்பிராயம் அன்றைக்கு நிரூபணமானது. தலைவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓகோ" என்று தட்டை நீட்டினார்.

இன்றைக்கு அவள் வீட்டில் ஆறாவது மறு ஆய்வு. அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னாள்:

"உன்னைக் கும்பிடறேன்டி. என் பொண்ணு அந்த பிஸ்கட்டையே தின்னு துரும்பா இளைச்சுட்டா. நீ மட்டும் எப்படிச் சீட்டு வாங்கினே? என்ன பண்ணணும், ஒரு வார்த்தை சொல்லேன்."

சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். உப்பைப் பரணில் வை, தக்காளியைப் பச்சையாக இறக்கு. அவ்வளவுதான் விஷயம், மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம்.

ஆனால் வாய் நிறையச் சோறு இருந்தது.