பெட்டிக்கு நலம் விசாரித்தவர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் சைக்கிளில் சாமான் கொண்டுபோகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அந்தச் சாமானிடமே "சௌரியமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர் எங்கள் பெட்டி அண்ணே ஒருவர்தான்.

அவர் எங்கள் ஆய்வகத்தின் டெஸ்பாட்ச் ஆள். கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்ததும், அதில் நகமளவு துண்டு ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஆய்வகத்துக்கு வரும். கொண்டுவருவது அவர். முனைவர் பட்டத்துக்காக அதை ஆராய்வது நான். அம்மா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கையுறை அடுக்குகிறார்; அப்பா லோரி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். எதை எழுதினாலும் இதைச் சொல்லிவிடுவேன், இங்கும் சொல்லிவிட்டேன்.

"உள்ள என்னதான் இருக்கு தங்கச்சி?" என்று அண்ணே ஒருநாள் கேட்டார்.

"டி செல்ண்ணே. ரத்தத்துல சுத்துற வெள்ளை அணு. கேன்சர் கட்டிக்குள்ள பூந்து சண்டை போடும். நிறைய பூந்திருந்தா பொதுவா பேஷண்டுக்கு நல்லது. ஆனா சிலது உள்ள போயும் சும்மா உக்காந்திருக்கும். இதுங்க சண்டை போடுதா, உக்காந்திருக்கான்னுதான் பாக்குறேன்."

"உயிரோடவா இருக்கு?"

"உயிரோடதான்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுத்த துண்டு வந்த அன்று பெட்டியைத் தொட்டேன், கை சுட்டது. ஐஸ் பொட்டலங்கள் எல்லாம் அண்ணேயின் ஜாக்கெட் பைக்குள் இருந்தன.

"ஐஸ ஏன்ணே எடுத்தீங்க?"

"பாவம்லா! உங்க ஏர்கான்லயே நான் நடுங்குறேன். உயிரோட இருக்கிறவங்கள ஐஸ்ல படுக்க வைப்பாங்களா?"

நடுப்பகல் வெயிலில் கிள்ளானிலிருந்து வந்த அந்தத் துண்டில் ஒரு டி செல்கூடப் பிழைக்கவில்லை. சொன்னதும் அண்ணே ஐஸ் பொட்டலங்களை எடுத்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். ஒரு வாரம் கோழி சாப்பிடவில்லை. பதினாறாம் நாள் காரியம் எப்போது என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

எனக்கும் துக்கம்தான். அதற்கு முன் வந்த துண்டுகளும் ஏதேதோ காரணத்தால் வீணாகியிருந்தன. பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "சம்மதம் கொடுத்த பேஷண்ட் இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி. இதுவும் போச்சுன்னா வேற தலைப்பு பாத்துக்கோம்மா." இரண்டு வருட உழைப்பு ஒரு நகமளவில் வந்து நின்றது.

அந்தக் கடைசித் துண்டுக்கு நானே கிள்ளானுக்குப் போனேன். பெட்டி கைக்கு வந்தபோது வானம் பொத்துக்கொண்டது. சாலையில் முழங்காலளவு தண்ணீர், மோட்டார் நகராது. அண்ணே பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ரயில் பெட்டியில் ஒரே ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதில் ஆய்வகப் பெட்டியை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஓர் ஆன்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, பெட்டிக்கு சீட்டா? ஆளு நிக்கிறது தெரியல?"

"உள்ள உயிர் இருக்கு ஆன்டி."

"என்ன, மீனா?"

"மீனெல்லாம் இல்ல. கேன்சரோட சண்ட போடுற ஆளுங்க! இந்தத் தங்கச்சிதான் அவங்கள பாத்துக்கிற டாக்டர்."

"இன்னும் டாக்டர் ஆகலண்ணே," என்றேன்.

"இவங்க உயிரோட போய்ச் சேந்தா ஆயிடுவலா."

ஆன்டி பெட்டியைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரருக்கும் குடல்லதான் வந்துச்சு," என்றார். அதன்பின் நாங்கள் இறங்கும் சென்ட்ரல் நிலையம் வரை அந்த இருக்கைப் பக்கம் யாருடைய முழங்கையும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் காய்கறிப் பையால் இடித்துத் தள்ளினார்.

மறுநாள் காலை அண்ணே எனக்கு முன்பே ஆய்வகத்தில் இருந்தார். நுண்ணோக்கியின் திரையைப் போட்டேன். பெரிய புற்றுநோய்ச் செல் ஒன்றைச் சின்னச் சின்ன டி செல்கள் மொய்த்திருந்தன. அதே நோயாளியின் டி செல்கள். அதே நோயாளியின் புற்றுநோய். பார்த்துக்கொண்டே இருந்தோம். பெரியது உப்பியது, பிறகு வெடித்தது.

"அப்பிடிப் போடு!" என்று அண்ணே போட்ட கூச்சலில் பேராசிரியர் அறையைவிட்டு ஓடிவந்தார்.

"யாரோட ஆளுங்க தங்கச்சி இவங்க? அவர்கிட்ட சொல்லணும்லா."

"பேர் நமக்குத் தெரியக்கூடாதுண்ணே. நம்பர் மட்டும்தான். முப்பத்தொன்னு." ஆய்வகத் தட்டில் ஜெயித்தது உடம்பில் ஜெயித்ததாகாது என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு பொட்டலம் திருநீறு என் மேசைக்கு வந்தது.

"பத்துமலைக் கோயில்ல முப்பத்தொன்னுக்கு அர்ச்சனை பண்ணேன். ஐயரு நட்சத்திரம் கேட்டாரு. தெரியாது சாமி, ஆனா ஆளுங்க ரொம்ப ஸ்ட்ராங்குன்னேன்."

"தட்டுல ஜெயிச்சா போதாதுன்னு சொன்னேனேண்ணே."

"அதுக்குத்தான் அர்ச்சனை."

பட்டம் வாங்கிய மறுநாள் அம்மாவோடு நானும் பத்துமலைப் படிகளை ஏறினேன். யார் பெயருக்கு என்று ஐயர் கேட்டார். அம்மா என் பெயரைச் சொல்ல வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "பெட்டி அண்ணே" என்றேன்.